காலும் ஓர் அமானிதமே

மறுமை நாளில் வாய்கள் மூடப்பட்டுக் கைகளும் கால்களும் பேசும் என்பது நம் நம்பிக்கை. கால் எதைப் பற்றிச் சாட்சி கூறும்? தவறான வழியில் நடந்ததைப் பற்றி மட்டுந்தானா? தன்னுள் இறைவன் வைத்த ஆற்றல் பயன்படாமலே மடிந்ததைப் பற்றியும் கூறுமா? கூறுமாயின், அந்தக் குற்றம் யாரைச் சேரும்? கால்பந்தாடும் ஒரு பெண்மணியின் வாழ்க்கையை அறிந்தபோது இவ்வினா நம் உள்ளத்தில் எழுந்தது.

நாதியா நதீம் ஆப்கானிஸ்தானத்தின் ஹெராத் நகரில் 1988-ல் பிறந்தவர். தந்தை இராணுவத் தளபதி. தாய் பள்ளித் தலைமையாசிரியை. மக்கள் ஐவரும் பெண்கள். 2000-ல் தாலிபான்கள் தந்தையைக் கொன்றனர். பெண்கள் வேலைக்குச் செல்வதும் சிறுமியர் பள்ளி செல்வதும் தடுக்கப்பட்டிருந்த நாட்டில், ஆண் துணையற்ற அக்குடும்பத்துக்கு வாழும் வழி அடைபட்டது. தாய் தம் ஐந்து மக்களையும் அழைத்துக்கொண்டு பாகிஸ்தான் வழியாக இத்தாலியை அடைந்தார். அங்கிருந்து லாரியில் மறைந்து, இலண்டனுக்குப் போவதாக எண்ணிப் பயணம் செய்தவர்கள், இறங்கியபோது நின்ற இடம் டென்மார்க்.

அகதி முகாமுக்கு அருகே ஒரு விளையாட்டுத் திடல் இருந்தது. அங்கே பெண்பிள்ளைகள் பந்தாடுவதை நாதியா கண்டார். தந்தை கொண்டுவந்து தந்த பந்தை வீட்டுத் தோட்டத்தில் உதைத்துப் பழகிய கால் அது. அன்று அத்திடலில் தொடங்கிய ஆட்டம் அவரை 2009-ல் டென்மார்க் தேசிய அணியில் முன்கள வீராங்கனையாகக் கொண்டு நிறுத்தியது. வேற்று நாட்டிலிருந்து வந்து குடியுரிமை பெற்றவர், பதினெட்டு வயதுக்குப்பின் ஐந்தாண்டுகள் அங்கு வசித்திருக்க வேண்டும் என்பது அக்காலத்து உலகக் கால்பந்துச் சம்மேளனத்தின் விதி. டென்மார்க் சங்கம் அவருக்காக வாதாடி விலக்குப் பெற்றது. 2017 ஐரோப்பியப் போட்டியின் காலிறுதியில், அதற்குமுன் தொடர்ந்து ஆறு முறை வாகை சூடியிருந்த ஜெர்மனிக்கு எதிராக அவர் தலையால் முட்டி அடித்த கோல் ஆட்டத்தைச் சமன் செய்தது. டென்மார்க் 2-1 என வென்றது. நெதர்லாந்துடன் நடந்த இறுதி ஆட்டத்தின் முதல் கோலும் அவருடையதே; ஆயினும் அணி 4-2 எனத் தோற்றது. அதே ஆண்டில் அமெரிக்காவின் போர்ட்லாந்து அணியிலும், 2021-ல் பிரான்சின் பாரிஸ் அணியிலும் பட்டம் வென்ற குழுவினருள் அவர் ஒருவர். இவற்றுக்கிடையே ஆர்ஹுஸ் பல்கலைக்கழகத்தில் மருத்துவம் பயின்று, 2022 ஜனவரியில் மருத்துவரானார்.

"எல்லாம் வீண் விளையாட்டுத்தானே" என்று நம்மவர் சிலர் கேட்கக்கூடும். அரபு மொழியில் 'லஇபு' என்றால் விளையாட்டு. 'லஹ்வு' என்றால் வேண்டியதை மறக்கடிக்கும் வீண் பராக்கு. இரண்டும் ஒன்றல்ல. பெருமானார் (ஸல்) அவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களோடு ஓட்டப்பந்தயம் ஓடிய செய்தியை ஹதீது நூல்களில் காண்கிறோம். பாடம் முடித்து வந்த பிள்ளையை விளையாட விடாமல் தடுப்பது அதன் உள்ளத்தைச் சாகடிக்கும் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில் எச்சரிக்கிறார்கள். பெண்களின் உடை, பொது அரங்கு ஆகியன குறித்து ஃபிக்ஹு நூல்கள் வகுத்த எல்லைகள் உள்ளன. அவற்றைத் தளர்த்த நாம் வரவில்லை. ஆனால் ஓர் ஆற்றலை எவ்வாறு பயன்படுத்துவது என்பது வேறு. அவ்வாற்றலே கூடாது என்பது வேறு. முன்னது மார்க்கச் சட்டம். பின்னது படைத்தவனோடு தொடுக்கும் வழக்கு.

அதே இமாம் அவர்கள், நன்றி என்பது அறிவு, உள்ளத்தின் நிலை, செயல் ஆகிய மூன்றும் சேர்ந்தது என்று விளக்குகிறார்கள். அருட்கொடை அல்லாஹ்விடமிருந்து வந்தது என்று அறிவது முதலாவது. அதனால் உள்ளம் மகிழ்ந்து பணிவது இரண்டாவது. எதற்காகப் படைக்கப்பட்டதோ அதில் அதைச் செலுத்துவது மூன்றாவது. 'அல்ஹம்துலில்லாஹ்' என்று நாவால் கூறிவிட்டுக் கை கால்களை முடக்கிப் போடுவது அரைகுறை நன்றியே. இங்கேதான் சிக்கல் எழுகின்றது. செயலால் நன்றி செலுத்த விரும்பும் ஒருவரின் வழியை மற்றொருவர் அடைத்துவிட்டால் என் செய்வது? இயலாதவர்மீது சுமையில்லை, அவரிடம் அதுபற்றிக் கேள்வியும் இராது. ஆனால் கேள்வி மறைந்துவிடுவதில்லை. அது அடைத்தவரிடம் போய் நிற்கும். அமானிதம் பெற்றவருக்கு மட்டும் உரியதன்று. அவரைக் காக்கும் பொறுப்பில் இருப்போருக்கும் உரியது.

"துன்பம் வந்ததனால்தானே அவர் புகழ் பெற்றார், எல்லாம் நன்மைக்கே" என்று ஆறுதல் கூறுவோரும் உளர். இறைவனின் விதியை நாம் நம்புகிறோம். எனினும் விதியின் பெயரால் கொலைகாரனின் கணக்கைத் தீர்த்துவிட நமக்கு உரிமையில்லை. அவருக்குக் காலைத் தந்தவன் அல்லாஹ். பந்தைத் தந்தவர் தந்தை. உயிரைப் பணயம் வைத்து அக்காலை ஒரு திடல்வரை கொண்டு சேர்த்தவர் தாய். அந்தத் தாய் 2022 நவம்பரில் டென்மார்க்கில் லாரி மோதி இறந்தார். தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட ஐந்து அமானிதங்களையும் காத்துவிட்டே அவர் சென்றார் என்பது நம் எண்ணம்.

அவரைப்போல் எல்லையைக் கடக்க இயலாத தாய்மார் எத்தனை பேர்! 2021-ல் தாலிபான்கள் மீண்டும் ஆட்சியைப் பிடித்தபின் ஆறாம் வகுப்புக்கு மேல் சிறுமியர் படிப்பது தடுக்கப்பட்டது. 2022 டிசம்பரில் பல்கலைக்கழகக் கதவுகளும் பெண்களுக்கு மூடப்பட்டன. அவர்களுள் எத்தனை மருத்துவர்கள் இருந்தனர் என்று எண்ணிச் சொல்ல எவராலும் இயலாது. படைத்தவன் அறிவான்.

தொலைவிலுள்ள நாட்டைக் கண்டிப்பது எளிது. "பெண்பிள்ளைக்கு இவ்வளவு போதும்" என்று நம் வீட்டில் நாம் சொல்லும்போது, அது மார்க்கத்தின் எல்லையா, நம் சோம்பலும் அச்சமும் வகுத்த எல்லையா என்று ஒரு கணம் நின்று எண்ண வேண்டும். அந்நாளில் அப்பிள்ளையின் கால் பேசும்போது நம் வாய் மூடப்பட்டிருக்கும்.