பத்து நாள் முன்னால் வாங்கியவர்

பெரம்பலூரில் ஒருவர் காலேஜ் போகும் மகளுக்கு 45,000 ரூபாய்க்கு லேப்டாப் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தாம் நாள் அதே கடை வாசலில், அதே மாடல் 40,000 என்று பேனர் தொங்குகிறது. அந்த ஐயாயிரத்தைத் திருப்பிக் கேட்பது நியாயமா, பேராசையா?

'போன வாரம் தங்கம் வாங்கினவங்க இன்னிக்கு வந்து கேக்கறாங்களா?' என்பார் கடைக்காரர்.

சட்டம் அவர் பக்கம்தான். பழுதான பொருளை பில்லில் போட்ட கெடுவுக்குள், கெடு போடாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம் என்கிறது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். (ஆகவே 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்ற ரப்பர் ஸ்டாம்பைப் பார்த்து ரொம்ப பயப்படாதீர்கள்.) ஆனால் இங்கே லேப்டாப் பழுதாகவில்லை. பழுதானது வாங்கியவரின் மனசு.

செட்டிகுளம் பக்கத்துச் சின்ன வெங்காய விவசாயிக்கு இந்த வலி பழக்கம். பட்டறை போட்டுக் காத்திருந்து, இனி தாங்காது என்று விற்ற மறுவாரம் விலை ஏறும். வியாபாரி வித்தியாசத்தைக் கொண்டுவந்து தரமாட்டார். விலை சரிந்தால் இவரும் வாங்கின பணத்தைத் திருப்பித் தரமாட்டார். அடுத்த மழை இரண்டு பேருக்குமே தெரியாது என்பதால் இதில் அநியாயம் இல்லை.

லேப்டாப்புக்கு மழை கிடையாது. புது மாடல் எப்போது வரும், பழசை எப்போது தள்ளிவிடுவது என்பதெல்லாம் கம்பெனியில் யாரோ தேதி போட்டு முடிவு செய்கிற சமாசாரம். 'விலைப் பாதுகாப்பு' என்ற ஏற்பாடே முதலாளிகளுக்குள் இருப்பதுதான். கம்பெனி விலையைக் குறைத்தால், விற்காமல் கிடக்கும் சரக்குக்கு வித்தியாசத்தை டீலர் கணக்கில் வரவு வைக்கும். அரியலூர் பஜாரில் உள்ள சின்னக் கடைவரை அது எட்டினால் அதிர்ஷ்டம். வீட்டுக்குக் கொண்டுபோனவருக்கு எட்டாது.

சிசரோ இதை கி.மு. 44-லேயே கேட்டுவிட்டார். ரோட்ஸ் தீவில் பஞ்சம். அலெக்ஸாண்ட்ரியாவிலிருந்து ஒரு வியாபாரி கப்பலில் தானியம் கொண்டுவருகிறான். பின்னால் இன்னும் பல கப்பல்கள் வருவது அவனுக்கு மட்டும் தெரியும். சொன்னால் விலை விழும். சொல்ல வேண்டுமா? பாபிலோன்காரர் டயோஜெனிஸ், 'பொய் சொல்லாதே, போதும். எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை' என்கிறார். சீடர் ஆன்டிபேட்டர், 'சொல்லியே ஆகவேண்டும்' என்கிறார். சிசரோ சீடர் கட்சி. நானும்தான்.

2007-ல் ஆப்பிளுக்கு இந்தச் சிக்கல் வந்தது. ஜூன் 29-ல் 599 டாலருக்கு விற்ற ஐபோனை செப்டம்பர் 5-ல் 399 ஆக்கினார்கள். முதலில் வரிசையில் நின்றவர்கள் கொதித்துப்போக, மறுநாளே ஸ்டீவ் ஜாப்ஸ் கடிதம் எழுதி, ஆப்பிள் கடையில் செலவழிக்க 100 டாலர் வரவு கொடுத்தார். 200 அல்ல, 100. பாதி நியாயம் என்று வைத்துக்கொள்ளலாம்.

நம் பக்கமும் கொஞ்சம் பார்க்கவேண்டும். 2025 கடைசியில் மெமரி சிப் விலை எகிறி, கம்ப்யூட்டர் விலையும் ஏற ஆரம்பித்தது. முந்தின வாரம் வாங்கிய யாரும் மிச்சப் பணத்தோடு கடைக்குப் போனதாக நான் கேள்விப்படவில்லை. அதனால் விலை இறங்கியதற்காக மட்டும் கடைக்காரரிடம் சண்டை போடுவதில் எனக்குச் சம்மதமில்லை. இறங்கப்போவது தெரிந்தும் வாயைத் திறக்காமல் பில் போட்டார் என்றால் போடலாம். 'அவசரமில்லைன்னா பத்து நாள் பொறுங்கண்ணே' என்று சொல்பவர், நீங்கள் அதற்குள் திருச்சிக்கு பஸ் ஏறிவிடுவீர்கள் என்ற பயத்தோடுதான் சொல்கிறார் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

பணம் கட்டுவதற்கு முன் ஒன்று செய்யலாம். 'இதுக்கு விலை இறங்கப்போகுதாங்க? இறங்கினா வித்தியாசம் தருவீங்கன்னு பில்லுல எழுதுவீங்களா?' என்று கேட்டுவிடுங்கள். கேட்காதவரை அவர் சும்மா இருந்ததாக ஆகும். கேட்டபிறகு மழுப்பினால் அது பொய். அதை டயோஜெனிஸ்கூட அனுமதிக்கவில்லை.