சூரைச்செடியின் கீழே உட்கார்ந்திருக்கிற பிள்ளை



தியானப் பகுதி: 1 இராஜாக்கள் 19-ம் அதிகாரம்.

செமஸ்டர் நெருங்கிவிட்டால் ஜெப விண்ணப்பச் சீட்டுகள் நிறைய வரும். "என் மகன் நல்ல மார்க் எடுக்கணும்", "என் மகளுக்கு அரியர் விழக்கூடாது" என்று எழுதியிருக்கும். "என் பிள்ளையின் மனசு நொந்துபோயிருக்கு, அதற்காக ஜெபியுங்கள்" என்று எழுதுகிறவர்கள் எத்தனை பேர்?

நம்முடைய மதுரையிலே மிஷனெரிகள் 1881-ல் அமெரிக்கன் கல்லூரியையும், 1948-ல் லேடி டோக் கல்லூரியையும் ஆரம்பித்தார்கள். இன்றைக்குச் சுற்றிலும் எத்தனையோ கல்லூரிகள்! மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கமிருந்து பிள்ளைகள் காலையிலேயே பஸ் ஏறி வருகிறார்கள். பல வீடுகளில் காலேஜ் வாசலை மிதிக்கிற முதல் ஆள் அந்தப் பிள்ளைதான். பிளஸ் டூ வரைக்கும் தமிழில் படித்தவனுக்கு இங்கே எல்லாம் இங்கிலீஷ். சந்தேகம் கேட்டால் சிரிப்பார்களோ என்று பயம். வீட்டிலே அம்மாவின் நகை அடகுக் கடையில் இருக்கிறது. "நீதான்ப்பா நம்ம குடும்பத்தைத் தூக்கி நிறுத்தணும்" என்று அப்பா அன்போடு சொன்ன வார்த்தையே அவன் தலையில் பாரமாய் இருக்கிறது. இரண்டு பேப்பர் போய்விட்டது. வீட்டில் சொல்ல நாவு எழவில்லை. தூக்கம் போகிறது, பசி போகிறது.

பிரியமானவர்களே, இது சின்ன விஷயமல்ல. 2022-ம் ஆண்டில் மட்டும் நம் தேசத்தில் 13,000-க்கும் அதிகமான மாணவ மாணவியர் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டதாக அரசாங்கக் கணக்கு சொல்கிறது. ஒவ்வொருவரும் ஒரு தாயின் வயிற்றில் பிறந்த பிள்ளை அல்லவா?

இப்போது எலியாவைப் பாருங்கள். கர்மேலிலே வானத்திலிருந்து அக்கினியை இறக்கின தேவமனிதன்! யேசபேலிடமிருந்து ஒரு மிரட்டல் வந்ததும் ஓடுகிறான். வேலைக்காரனைப் பெயெர்செபாவிலே விட்டுவிட்டு, தனியாய் வனாந்தரத்துக்குப் போய், ஒரு சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, "ஆண்டவரே, போதும், நான் செத்துப்போகணும்" என்ற கருத்தில் ஜெபிக்கிறான். விசுவாசம் இல்லாதவனா அவன்? இல்லை. ஓடி ஓடிக் களைத்துப்போனவன்.

கர்த்தர் என்ன செய்தார்? திட்டினாரா? "உனக்கு விசுவாசம் பத்தாது" என்றாரா? இல்லவே இல்லை. முதலாவது, அவனைத் தூங்கவிட்டார். தூதனை அனுப்பி, தொட்டு எழுப்பி, சுட்ட அடையும் ஒரு பாத்திரம் தண்ணீரும் கொடுத்தார். சாப்பிட்டு மறுபடியும் படுத்தான், அதற்கும் கோபமில்லை. இரண்டாம் தரமும் சாப்பாடு! அவன் போகவேண்டிய தூரம் அதிகம் என்று அவருக்குத் தெரியும்.

அதற்கப்புறம் ஓரேபிலே, இங்கே என்ன செய்கிறாய் என்று கேட்டார். எலியா தன் மனக்குறையையெல்லாம் கொட்டினான். கர்த்தர் மறுபடியும் அதையே கேட்டார். அவனும் அதே புலம்பலை மறுபடியும் சொன்னான். இரண்டு தரமும் பொறுமையாய்க் கேட்டார்! அதற்குப் பிறகுதான் வேலை கொடுத்தார். "நான் ஒருவன்தான் மிச்சம்" என்று நினைத்தவனுக்கு ஏழாயிரம் பேர் இருப்பதைக் காட்டினார். எலிசாவையும் துணைக்குக் கொடுத்தார்.

தூக்கம், ஆகாரம், கேட்கிற காது, கூட ஒரு ஆள். இதுதான் பரலோகத்தின் வைத்திய முறை. நாமோ தலைகீழாய்ச் செய்கிறோம். முதலில் புத்திமதி, அப்புறம் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் மார்க்கு, கடைசியில்தான் சாப்பாடு.

பெற்றோரே, ரிசல்ட் அன்றைக்கு முதலில் "சாப்பிட்டியாப்பா?" என்று கேளுங்கள். அரியரை அடுத்த தடவை எழுதிக்கொள்ளலாம். பிள்ளையை மறுபடி பெறமுடியாது. பேச்சைக் குறைத்து, தூக்கம் கெட்டு, ரூமுக்குள்ளேயே முடங்கி, தன் பொருள்களை மற்றவர்களுக்குக் கொடுத்துவிடுகிற பிள்ளையைத் தனியே விடாதீர்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராய்க் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாய் வந்துவிடாது; மனம் திறக்கத்தான் வழி உண்டாகும்.

டாக்டரிடம் போவது அவிசுவாசம் அல்ல. பவுலோடு ஊழியம் செய்த லூக்கா ஒரு வைத்தியன். நம்முடைய ராஜாஜி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 2022-ல் அரசாங்கம் ஆரம்பித்த 14416 என்ற இலவச எண்ணில் இராத்திரியானாலும் தமிழில் பேசலாம். ஜெபமும் செய்வோம், போனும் செய்வோம்.

தம்பி, தங்கச்சி, பரீட்சைக்கு முந்தின இராத்திரி முழுக்க விழித்திருக்காதே. படித்தது மனதில் பதிவதற்கும் தூக்கம் வேண்டும். பாடத்தை மொத்தமாய்ப் பார்த்து மலைக்காமல், ஒரு யூனிட்டை எடுத்து முடி. உன் பாரத்தை ஒருவரிடமாவது வாய்திறந்து சொல். மார்க் ஷீட்டில் இருப்பது உன் மார்க்கு. உன் விலை அல்ல. உன் விலை சிலுவையில் கொடுக்கப்பட்டாயிற்று.

எலியா சாகவேண்டுமென்று கேட்ட ஜெபத்துக்குக் கர்த்தர் இணங்கவில்லை. அவனுக்கு முன்னே இன்னும் நெடுந்தூரம் இருந்தது. உனக்கும் இருக்கிறது, மகனே! உனக்கும் இருக்கிறது, மகளே! எழுந்திரு, சாப்பிடு.

சபையாரே, இந்த வாரம் ஒரு கல்லூரிப் பிள்ளையையாவது வீட்டுக்குக் கூப்பிட்டுச் சாப்பாடு போடுங்கள். மார்க்கைப் பற்றிக் கேட்காதீர்கள். அவன் பேசினால் கேளுங்கள். கர்த்தர் தாமே உங்களை ஆசீர்வதிப்பாராக. ஆமென்.