நினைப்பது விசுவாசக் குறைவா?

கேள்வி: 1995 இடப்பெயர்வில் பட்ட துன்பத்தை என்னால் மறக்க முடியவில்லை. "நடந்ததெல்லாம் ஆண்டவருடைய சித்தம், பழையதைக் கிளறுவது விசுவாசக் குறைவு" என்கிறார்கள் சிலர். அப்படித்தானா?

வாசகி ஒருவர், மானிப்பாய்

பதில்: இல்லை. வேதாகமம் நினைக்கத்தான் சொல்கிறது. எதற்காக நினைக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்கிறது. உங்களைத் தடுப்பவர்கள் பெரும்பாலும் பிலிப்பியர் 3ஆம் அதிகாரத்தைக் காட்டுவார்கள். கடந்தவற்றை மறந்து முன்னோக்கி ஓடுவதாகப் பவுல் அங்கே எழுதுவது உண்மைதான். ஆனால் அதற்கு முந்திய வசனங்களில் அவர் குப்பையென்று தள்ளுபவை தம் குலப்பெருமையும் பரிசேயன் என்ற மதிப்பும். பட்ட அடிகளை அவர் தள்ளவில்லை. கொரிந்தியருக்கு எழுதிய 2ஆம் திருமுகத்தில், ஐந்து முறை சாட்டையடி, மூன்று முறை தடியடி, மூன்று முறை கப்பற்சேதம் என்று கணக்கு வைத்துச் சொல்கிறார். மறந்துவிட்டவரால் இப்படி எண்ணிச் சொல்ல முடியுமா?

"எல்லாம் ஆண்டவர் சித்தம்" என்ற பேச்சு யோபுவின் நண்பர்களின் பேச்சுக்குக் கிட்ட வருகிறது. அவன் துன்பத்துக்கு அவர்கள் கடவுளின் பெயரால் காரணம் கற்பித்தார்கள். கடைசியில் கடவுளே அவர்களைக் கண்டித்தார். 1995 ஜூலை 9ஆந் திகதி, இடம்பெயர்ந்த சனம் தஞ்சம் புகுந்திருந்த நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்தின்மீது இலங்கை விமானப்படை குண்டு வீசியது. நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அதைக் கடவுளின் சித்தம் என்பது, மனிதர் செய்த பழியைத் தூக்கிக் கடவுள் தலையில் போடுவதாகும். தீமையிலிருந்தும் கடவுள் நன்மையைக் கொண்டுவருவார் என்று யோசேப்பு சொல்லவில்லையா என்று கேட்கலாம். சொன்னான். ஆனால் சகோதரர்கள் தனக்குத் தீமையே நினைத்தார்கள் என்பதை முதலில் அவர்கள் முகத்துக்கு நேரே சொன்னான். அப்படிச் சொல்லும் உரிமை குழியில் தள்ளப்பட்டவனுக்கு உண்டு; கரையில் நின்றவர்களுக்கு இல்லை.

நினைக்க நினைக்க வன்மம் வளராதா என்ற அச்சம் நியாயமானது. இணைச்சட்டம் 24ஆம் அதிகாரம் அதற்கு வழி காட்டுகிறது. எகிப்தில் அடிமையாயிருந்ததை நினைவில் வைக்கச் சொல்லும் அதே இடத்தில், அந்நியருக்கும் அநாதைக்கும் விதவைக்கும் நீதியைப் புரட்டக்கூடாது, வயலில் மறந்துவிட்ட கதிர்க்கட்டை அவர்களுக்கே விட்டுவிட வேண்டும் என்கிறது. பட்ட துன்பம் அடுத்தவர் துன்பத்தை அறியும் கண்ணாக வேண்டும் என்பதே அந்தக் கட்டளையின் உட்கிடை.

நம்மை இது கடுமையாகவே சோதிக்கிறது. 1995 ஒக்ரோபர் 30இல் வலிகாமத்துச் சனம் இலட்சக்கணக்கில் நாவற்குழிப் பாலத்தில் நெரிபட்டுத் தென்மராட்சிக்குப் போனது. சரியாக ஐந்து ஆண்டுகளுக்கு முன், 1990 ஒக்ரோபர் 30இல், யாழ்ப்பாண நகரத்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் இரண்டு மணி நேர அவகாசத்தில் வெளியேற்றினார்கள்; அவர்கள் கையிலிருந்த நகையும் பணமும் பறிபோயின. இரண்டையும் சேர்த்துப் பேசினால் நம் துயரம் சிறுத்துவிடும் என்பார்கள் சிலர். நவாலியின் நியாயம், அந்த முஸ்லிம்கள் வாழ்ந்த சோனகத் தெருவின் நியாயத்தால் ஒரு துளியும் குறையாது. ஒன்றை மறைத்தால்தான் மற்றதைக் கேட்கும் நம் குரல் பலவீனமாகிறது.

ஆகவே நினையுங்கள், அழுங்கள், நீதி கேளுங்கள். ஒக்ரோபர் 30இல் திருப்பலி மன்றாட்டில் உங்கள் துயரத்தோடு அந்த அயலவர்களின் துயரத்தையும் சேர்த்து ஒப்புக்கொடுங்கள். அப்படி நினைப்பதும் விசுவாசத்தின் கடமைதான்.