பழக்கியவன் கடன்

மனிதன் தன் தேவைக்காகப் பிறிதோர் உயிரைப் பழக்கி வேலை வாங்குதல் அறமாகுமா என்னும் வினா மிகப் பழையது. அதனோடு பிணைந்த இன்னொரு வினாவோ அத்துணை கவனம் பெற்றதில்லை. பழக்கப்பட்ட உயிருக்குப் பழக்கியவன் பட்ட கடன் யாது? அக்கடன் எப்பொழுது தீரும்?

மாங்குளத்திலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் வீதியில் அமைந்துள்ள ஒட்டுசுட்டான், முத்தையன்கட்டுக் குளத்து நீரையும் மாரி மழையையும் நம்பி நெல் விளைவிக்கும் ஊர்கள் சூழ்ந்த இடம். உழவு இயந்திரம் வருமுன்னர் அவ்வயல்களை உழுதனவும், சூடு மிதித்தனவும், நெல் மூடைகளை வண்டிலில் இழுத்தனவும் எருதுகளும் எருமைகளுமே. காட்டோரப் பட்டியில் வளர்ந்த நாம்பன் மனிதனைக் கண்டால் வெருளும். அதற்கு மூக்குக் குத்தி நாணயக்கயிறு பூட்டுவர். பழகிய எருதொன்றோடு இணைத்து முதலில் வெறும் நுகத்தோடு நடத்துவர். பின்னர் மரக்குற்றியை இழுக்க விடுவர். அடுத்து வெற்று வண்டில். பாரம் ஏற்றுவது இறுதியிலேயே. இங்ஙனம் நாள்தோறும் பழகிய நாம்பன், கயிற்றின் இழுப்புக்கு முன்னரே குரலுக்குத் திரும்பும், குரலுக்கு நிற்கும்.

இப்பயிற்சிக்கு இரு வழிகள் உள்ளன. ஒன்று அச்சம், மற்றையது நம்பிக்கை. கி.மு. 4ஆம் நூற்றாண்டில் குதிரையேற்றம் பற்றி எழுதிய கிரேக்கரான செனபோன், வற்புறுத்தலால் குதிரை செய்வதை அது விளங்கிச் செய்வதில்லை என்றும், சாட்டையடிக்கு அஞ்சி ஆடுபவனிடத்தில் அழகு இல்லாதவாறே அதனிடத்தும் அழகு இராது என்றும் கருதினார். பிற்கால ஐரோப்பியர் வளர்த்த குதிரைநடைப் பயிற்சிக்கலை அவரைத் தன் முன்னோடியாகப் போற்றுகின்றது. வண்டிற் சவாரியில் வெற்றிக்காக எருதைக் குத்தி ஓட்டுவோருக்கும் இக்கருத்துப் பொருந்தும்.

ஆயின் அன்பாகப் பழக்கிவிட்டால் அறம் நிறைவுறுமோ? இல்லை. அடிக்கு அஞ்சிப் பணிந்த விலங்கு வாய்ப்புக் கிட்டின் காட்டுக்கு ஓடும். நம்பிப் பணிந்த விலங்கோ ஓடும் இயல்பையே இழந்துவிடுகின்றது. ஆதலால் பழக்கியவனது அன்பு அவனது கடனைத் தீர்ப்பதில்லை, அதனைப் பெருக்குகின்றது.

இக்கடன் மறக்கப்பட்டதற்கு நெடுந்தீவு சான்றாகும். போர்த்துக்கேயர் காலத்திலும் ஒல்லாந்தர் காலத்திலும் அங்கே குதிரைகள் வளர்க்கப்பட்டன. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கில அதிகாரி நோலனும் அவ்வளர்ப்பை நடத்தினார். பின்னர் தேவை ஒழிந்தது, குதிரைகள் கைவிடப்பட்டன. அவற்றின் வழிவந்த சிறிய, உரமான மட்டக்குதிரைகள் வறண்ட காலங்களில் நீரின்றி மடிந்துள்ளன. அவை தாமாகக் கடல் கடந்து அத்தீவுக்கு வந்தவை அல்ல. கொண்டுவந்தோர் போயினர்; கடன் மட்டும் எஞ்சியது. உரோம நாட்டுக் கேற்றோ, கப்பற்செலவைத் தவிர்க்கத் தன் போர்க்குதிரையை இசுப்பானியாவிலேயே விட்டு வந்ததாகக் கூறும் புளூட்டாக், தமக்கு உழைத்த எருது முதுமையுற்றாலும் அதனைத் தாம் விற்கமாட்டார் என்கிறார்.

2008ஆம் ஆண்டின் இறுதியில் ஒட்டுசுட்டான் மக்கள் போரினால் இடம்பெயர்ந்தபோது பலர் தம் மாடுகளின் கயிற்றை அவிழ்த்துவிட்டுச் சென்றனர். இதுவும் கைவிடுதல்தானோ? வெளித்தோற்றத்தில் இரண்டும் ஒன்றே. கேற்றோ செலவுக்கு அஞ்சி விட்டார். இவர்களோ தம் உயிரையே காக்க இயலாத நிலையில் விட்டனர். கட்டிய நிலையில் விட்டால் மாடு பட்டினியால் மடியும் என்று கருதி அவிழ்த்தமை, இயன்ற எல்லைவரை கடனாற்றியதே ஆகும். இயலாமை கடனை ஒத்திவைக்கும்; அழிக்காது. மீள்குடியேறியபின் கட்டாக்காலியாய்த் திரிந்த மாடுகளிடையே தம் குறி இடப்பட்டவற்றைத் தேடித் திரிந்தோர் இதனை உணர்ந்திருந்தனர். இழந்த பொருளை மீட்கும் எண்ணமும் அத்தேடலில் இருந்தது என்பது உண்மையே. எனினும் சுடப்பட்ட குறி உடைமைக்கு மட்டுமன்றிப் பொறுப்புக்கும் அடையாளமாகும்.

வேலைக்கு உதவாத எருதை ஏழை உழவன் எவ்வாறு காப்பான் என வினவலாம். நியாயமான வினாவே. ஆனால் அவ்வெருது உழுத நெல்லை உண்டவன் அவ்வுழவன் மட்டும் அல்லன். எனவே கடனும் அவனுக்கு மட்டும் உரியதன்று. வன்னிக் கால்நடை வளர்ப்போர் நெடுங்காலமாக வேண்டிநிற்கும் மேய்ச்சற்றரையைச் சலுகை என்று கருதுவது தவறு. அது சமூகம் செலுத்தவேண்டிய கடனின் ஒரு பகுதி.

நுகத்தைச் சுமத்துவது தன்னளவில் பாவமென்று கூறுதல் வன்னி உழவரின் வாழ்வையே பழிப்பதாகும். ஆயினும் நாம்பனின் மூக்கிற் கயிறு கோக்கும் நாளிலேயே அதன் முதுமைக்கும் ஒருவன் வாக்களித்துவிடுகின்றான். அவ்வாக்கைக் காக்க எண்ணாதவனுக்குக் கயிற்றைத் தொடும் உரிமை இல்லை.