சத்திரத்துக்கு உரியவர் யார்?

பிறர் வந்து தங்குவதற்கென்றே ஒருவர் எழுப்பும் வீடு யாருக்கு உரியது என்னும் வினா, சொத்துரிமை பற்றியதாகத் தோன்றினாலும், அடிப்படையில் அறத்தைப் பற்றியதே ஆகும். இங்கிலாந்தின் பழைய மதுக்கூடத்துக்கு அந்நாட்டார் இட்ட பெயர் ‘பொதுவீடு’ என்று பொருள்படும். அதை நடத்தியவரை ‘வீட்டுக்காரர்’ என்று அழைத்தாலும், அவர் பெரும்பாலும் பீர் வடிக்கும் நிறுவனத்துக்கு வாடகை செலுத்திய குடியிருப்பாளரே. பயணியர் விடுதியிலோ, இடமிருந்து கட்டணமும் தருபவரைத் தக்க காரணமின்றித் திருப்பியனுப்பலாகாது என்று பொதுச்சட்டம், அதாவது நீதிமன்றத் தீர்ப்புகளின் வழியே வளர்ந்த சட்ட மரபு, விதித்தது.

அங்கே சட்டம் கட்டுப்படுத்திய உடைமையுணர்வை, பெங்களூரில் ஒருவர் தாமாகவே துறந்தார். தண்டு எனப்படும் படைக்குடியிருப்பு 1809-இல் அமைந்த பின் ஆங்கிலேய வழக்கங்கள் வேரூன்றிய இந்நகரில், வீரசைவ வணிகரான குப்பி தோடதப்பா (1838–1910), ரயில் நிலையத்தருகே 1897-இல் நிலம் வாங்கி, வழிப்போக்கர் கட்டணமின்றித் தங்கும் சத்திரத்தையும் மாணவர் விடுதியையும் நிறுவினார். 1903-இல் மைசூர் மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையார் அதைத் திறந்துவைத்தார். இறுதிக் காலத்தில் தோடதப்பா தம் சொத்து முழுவதையும் அறக்கட்டளையிடம் ஒப்படைத்தார்.

இச்செயலின் வேர், 12-ஆம் நூற்றாண்டில் பசவண்ணர் வளர்த்த வீரசைவ நெறியில் உள்ளது. உழைப்பையே வழிபாடாகக் கொள்வது காயகம்; அதன் பயனை, ‘நான் அடியவன்’ என்னும் உணர்வோடு பிறருக்குப் பகிர்வது தாசோகம். தானத்தில் கொடுப்பவர் உடைமையாளராக நின்று கொடுக்கிறார். தாசோகத்திலோ, பொருள் முதலிலிருந்தே இறைவனுடையது என்பதால், கொடுப்பவருக்கும் பெறுபவருக்கும் இடையே மேல், கீழ் என்னும் நிலை எழ இடமில்லை.

சத்திரம் தோடதப்பாவின் பெயரையே தாங்கி நிற்பதால், ‘நான்’ என்பது அங்கே எஞ்சவில்லையா என்று கேட்கலாம். திங்களூர் அப்பூதியடிகள் தாம் அமைத்த தண்ணீர்ப்பந்தலுக்குத் தம் பெயரை விடுத்துத் திருநாவுக்கரசர் பெயரையே இட்டார் எனப் பெரியபுராணம் கூறுவதை எண்ணினால், இக்கேள்வி வலுவானதே. ஆயினும் பெயர் நிலைப்பதும் உரிமை நிலைப்பதும் ஒன்றல்ல. உரிமை அறக்கட்டளைக்குச் சென்றபின், அச்சத்திரத்தில் நின்று ‘இது என் வீடு’ என்று விருந்தினரிடம் சொல்லத்தக்கவர் எவரும் இல்லை. திறவுகோலை வைத்திருப்பவரும் அதைக் காப்பவரே அன்றி உடையவர் அல்லர். பொதுவீட்டின் பொதுமை, கட்டணம் வாங்காமையில் மட்டுமன்றி, கதவைத் திறப்பவர் தம்மை உடையவராகக் கருதாத அந்த நிலையிலேயே முழுமை பெறுகிறது.