வெட்டாமல் விடுவது

வயசாளி ஒருவர் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தால், எங்கள் எருக்கலம்பிட்டியில் முதலில் எழும் கேள்வி: "இந்த வயசுல வெட்டோணுமா?" கேட்பவர் இரக்கத்தோடுதான் கேட்கிறார். வெட்டாவிட்டால் உடம்பை நிம்மதியாக விட்டுவிட்டோம் என்ற எண்ணமும் அதற்குள் இருக்கிறது. எனக்கு ஒவ்வாதது அந்த எண்ணம்.

தொடையெலும்பின் மேல்முனை பல துண்டாக உடையும்போது துண்டுகள் ஒன்றையொன்று தாங்குவதில்லை. தசைகள் இழுக்க, கால் குட்டையாகி வெளிப்புறம் திரும்பிவிடும். எலும்புக்குள் உலோகக் கம்பியைச் செலுத்தி, அதனூடாகத் தலைப்பகுதிக்குத் திருகாணி முடுக்கினால் துண்டுகள் பிடிபடும். இல்லாவிட்டால், கழுவுவதற்காகப் புரட்டும் ஒவ்வொரு முறையும் முறிந்த முனைகள் உரசும். பிறகு படுக்கைப் புண், நியுமோனியா. மறுபடி நடக்கமாட்டார் என்று தெரிந்த நோயாளிக்கும் வைத்தியர்கள் இதைச் செய்வது நோவைக் குறைக்கத்தான்.

வெட்டாமல் விடுவதும் சிலருக்குச் சரியாகலாம். நெதர்லாந்தில் பராமரிப்பு இல்லங்களிலுள்ள, மிகத் தளர்ந்த 172 முதியோரைப் பற்றிய ஆய்வொன்று 2022இல் வந்தது. வைத்தியரோடும் குடும்பத்தோடும் கலந்துபேசிய பின் 88 பேருக்குச் சத்திரசிகிச்சை செய்யவில்லை. அவர்களில் 83 வீதமானோர் ஒரு மாதத்துக்குள் மவுத்தானார்கள். ஆனால் இருந்த நாட்களின் தரம் மற்றவர்களுடையதை விட மோசமாக இருக்கவில்லை. அங்கே நோவுக்கு முறையாக மருந்து கொடுத்தார்கள். முக்கியமாக, முதலில் கேட்டார்கள்.

என் மாமி விழுந்தபோது மகன்மார் மூவரும் புத்தளம், கொழும்பு, கட்டார் என்றிருந்தார்கள். 1990 ஒக்டோபரில் விரட்டப்பட்ட பின் எங்கள் குடும்பங்கள் இப்படித்தான் சிதறிக் கிடக்கின்றன. முந்தி வீட்டில் நாலு பெண்கள் மாறி மாறிப் புரட்டினார்கள் (ஆண்கள் புரட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை). இரண்டு நாள் போனில் பேச்சு நடந்தது. சீனி, பிரஷர், மயக்க மருந்து. ஹயாத்து அல்லாஹ்வின் கையில் என்றார் மூத்தவர். அதில் சந்தேகமில்லை, நோவைப் பற்றித்தான் யாரும் பேசவில்லை. இவ்வகை முறிவுக்கு ஓரிரு நாளுக்குள் சத்திரசிகிச்சை செய்வதே நல்லது என்பதால், பேசிக் கடத்திய அந்த இரண்டு நாளும் ஒரு தீர்மானம்தான்.

மாமியோ முழு நினைவோடு மன்னார் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தார். நான் கேட்டேன்.

"நோகாமக் கழுவி, வுழுச் செய்யேலுமெண்டா வெட்டச் சொல்லு மகன்."

மறுநாள் அநுராதபுரத்துக்குக் கொண்டுபோனோம். பழையபடி அவர் நடக்கவில்லை. வோக்கரைப் பிடித்துக்கொண்டு கிணற்றடி வரை போவார்.