கடைசியாக நுழைந்த நேரம்

மின்னஞ்சல் சர்வரை நிர்வகிப்பவர், ஒவ்வொருவரும் கடைசியாக எப்போது உள்ளே நுழைந்தார் என்று குறித்து வைப்பது, மார்க்கம் தடுத்த துருவி ஆராய்தல் ஆகாதா எனச் சகோதரர் சிலர் வினவுகின்றனர்.

டவ்காட் என்னும் சர்வர் மென்பொருளில் இதற்கென்றே ஒரு துணை நிரல் உண்டு. ஒருவர் நுழையும்போது பழைய நேரத்தை அழித்துப் புதியதை எழுதிக்கொள்ளும், கடிதங்களைப் படிப்பதில்லை. கேட்பாரற்றுக் கிடக்கும் கணக்குகளைக் கண்டறிய இது உதவும். கூகுள் நிறுவனமும் ஈராண்டு பயன்படுத்தப்படாத தனிநபர் கணக்குகளை 2023 டிசம்பர் முதல் நீக்கத் தொடங்கிற்று. இந்த அளவோடு நின்றால் குற்றம் காண்பதற்கில்லை.

ஆனால் அதே பதிவை முதலாளி கேட்டு வாங்கி, "இரவு இரண்டு மணிக்கு இவனுக்கு என்ன வேலை?" என்று பார்க்கப் புகுந்தால் விஷயம் வேறு. ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனம் வீண் சந்தேகத்தையும் துருவி ஆராய்வதையும் ஒருசேரத் தடுத்திருப்பதை நாம் கவனிக்க வேண்டும். முன்னது பின்னதற்கு வாசலன்றோ! இதில் வேடிக்கை என்னவெனில், உறங்குபவரின் தலைமாட்டில் கிடக்கும் கைப்பேசியே அவ்வப்போது தானாகச் சர்வருக்குள் சென்று புதுக்கடிதம் உண்டா என்று பார்த்து வரும். அதுவும் அவர் நுழைந்ததாகவே பதிவாகும். அதை வைத்து ஒருவரைக் குறை கூறுவது அபாண்டமேயாகும்.

கணக்கை நீக்குவதற்கு நாள் தெரிந்தால் போதுமே. மணியும் நிமிடமும் எதற்கு? நாளை மட்டும் குறித்து, அதையும் கணக்குடையோரிடம் முன்னரே சொல்லிவிடுவதில் நிர்வாகிக்கு என்ன சிரமம் என்பது நமக்கு விளங்கவில்லை.